முதலாவது என்றால் எதற்கு முன்னால்?

ஜூன் 3, திங்கள், இரவு 10.15
பனச்சமூட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டது:

"எனக்கு நேரான பதில் வேண்டும். 'முதலாவது தேவனுடைய ராஜ்யத்தையும் அவருடைய நீதியையும் தேடுங்கள்' என்று மத்தேயு 6:33-ல் இருக்கிறது. எழுந்ததும் எனக்கு ஜெபம்தான். ஞாயிறு ஆராதனை விட்டதில்லை. ஆனாலும் கவலை போகவில்லை. மகள் நர்சிங் இரண்டாம் வருஷம். 20-ம் தேதிக்குள் 48,000 ரூபாய் கட்டணும். வீட்டுக்காரர் கொத்தனார், மழை பிடித்ததிலிருந்து வேலை இல்லை. சபையில் ஒரு பெரியவர், கவலைப்படுகிறவளுக்கு விசுவாசம் இல்லை, கவலையே பாவம் என்று சொல்லிவிட்டார். இப்போது பீசைப் பற்றின கவலையோடு, இப்படிக் கவலைப்படுகிறேனே என்கிற கவலையும் சேர்ந்துகொண்டது. விசுவாசத்தை முதலில் வைப்பது என்றால் என்ன? நான் எங்கே தப்புகிறேன்?"

ஜூன் 3, இரவு 11.05

மக்களே (நம்ம குமரிப் பக்கத்தில் மகளை அப்படித்தான் கூப்பிடுவோம்), அந்தப் பெரியவர் சொன்னதை முதலில் இறக்கி வை. மீதியை நாளைக்குப் பேசலாம்.

ஒன்று மட்டும் இப்பவே சொல்லிவிடுகிறேன். அந்த அதிகாரத்தில் 'அற்பவிசுவாசிகளே' என்ற வார்த்தை இருக்கிறது, நான் மறைக்கவில்லை. அதே வார்த்தையை இயேசு படகில் பயந்து அலறின சீஷர்களிடமும் சொன்னார், மத்தேயு 8-ல். சொல்லிவிட்டுப் படகைவிட்டு இறங்கிப் போகவில்லை. எழுந்து காற்றை அதட்டினார். இன்றைக்கு இது போதும், தூங்கு.

ஜூன் 4, காலை 6.30

தூங்கினாயா தெரியவில்லை. நான் தூங்கவில்லை, உன் கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது.

நம்ம பக்கத்தில் கவலைக்கு இரண்டு வார்த்தை உண்டு. ஒன்று விசாரம், இன்னொன்று வெப்ராளம். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வர நேரமானால் அம்மை வாசலில் வந்து நிற்பது விசாரம். ரோட்டுக்கு ஓடி, திரும்பி வந்து, அடுப்பில் கறி கரிவதும் தெரியாமல் நாலு பேருக்குப் போன் போட்டு, வந்து நின்ற பிள்ளைக்கே ஒரு அடி கொடுப்பது வெப்ராளம்.

எங்க மயினி, அண்ணன் பெஞ்சாதி, நெய்யாற்றின்கரைக்காரி, மலையாள வேதம்தான் வாசிப்பாள். அவளுடைய மத்தேயு 6-ல் நாளைக்காக 'விசாரப்படருது' என்று இருக்கிறது. நம்ம வேதத்தில் 1 பேதுரு 5:7-ல் 'அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால்' என்று இருக்கிறது. ஒரே விசாரம். அந்தப் பக்கம் நாம் விசாரப்பட வேண்டாம் என்கிறது, இந்தப் பக்கம் அவர் செய்வதாகச் சொல்லுகிறது. நாம் சுமக்கிற விசாரத்தை அவர் எடுத்துக்கொள்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது.

அதே பேதுரு வசனத்தை மயினி மலையாளத்தில் வாசித்தாள். அங்கே 'கருதுந்நதாகையால்' என்று வருகிறது. கருதுவது என்றால் என்னவென்று கேட்டேன். "ராத்திரி நேரம் செந்நு வரவனுக்கு ஒரு பிடி சோறு மூடி வைக்கமாட்டோமா, அதுதான் கருதல்" என்றாள். இதைக் கேட்டபிறகு ஒரு நாள் முழுக்க என்னால் வேறொன்றும் நினைக்க முடியவில்லை.

ஆகவே இயேசு வேண்டாமென்றது வெப்ராளத்தை. பிள்ளையின் பீசை யோசிப்பது வெப்ராளம் ஆகாது.

ஜூன் 5, மதியம் 2.00

'முதலாவது' என்ற வார்த்தையைச் சின்ன வயதிலேயே கண்ணால் பார்த்தவள் நான். அதைச் சொல்லுகிறேன்.

எங்க அம்மையின் அடுக்களையில் ஒரு மண்கலயம் உண்டு. வாய் சிறிது, ஒரு கை மட்டும் உள்ளே போகும். உலை கொதித்ததும் அம்மை அரிசியை நாழியால் அளந்து சுளவில் கொட்டுவாள். கல் பொறுக்குவாள். களைவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, கண்ணை மூடி, வாய் அசையும், என்ன சொன்னாள் என்று கேட்டதில்லை, அந்தப் பிடியைக் கலயத்தில் போடுவாள். பிறகுதான் மீதி அரிசி உலைக்கு. ஞாயிற்றுக்கிழமை கலயத்தைக் கவிழ்த்து வெள்ளைத்துணியில் முடிந்து கோவிலுக்குக் கொண்டுபோவாள். பிடியரிசிக் காணிக்கை. சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபையில் பழகினவர்களுக்குச் சொல்லவேண்டாம், எல்லா வீட்டிலும் அந்தக் கலயம் இருந்தது. எல்லாருடைய அரிசியும் ஒன்றாகச் சேரும். வெள்ளை, சம்பா, குருணை எல்லாம் ஒரே பெட்டியில். அதை விற்று ஊழியத்துக்கும் இல்லாதவர்களுக்கும் கொடுப்பார்கள்.

நான் கவனித்தது ஒன்றுதான். அம்மை அந்தப் பிடியை எடுக்கும்போது, இன்றைக்கு இருக்கிற அரிசி ஆறு பேருக்குக் காணுமா என்ற கணக்கு இன்னும் போடப்படவில்லை. சோறு வடித்து எல்லாரும் தின்று மிச்சம் இருந்தால் கொடுக்கலாம் என்றால் கலயம் என்றைக்கும் காலிதான். கணக்கு தொடங்குவதற்கு முன்னால் எடுத்துவிடுவாள். இருக்கிறதில் வீடு ஓடும்.

சாறிபாத் ஊர் விதவையிடம் எலியா தீர்க்கதரிசி கேட்டதும் அதேதான். கடைசிப் பிடி மா. அவளும் மகனும் அதைத் தின்றுவிட்டுச் சாகப்போவதாகச் சொல்லுகிறாள். முதலில் எனக்கு ஒரு சின்ன அடை பண்ணிக் கொண்டுவா என்கிறான். கேட்கவே கொடுமையாக இருக்கும். 1 இராஜாக்கள் 17-ஐ எடுத்து வாசித்துப் பார். பானை நிரம்பி வழிந்தது என்று ஒரு இடத்திலும் இல்லை. மா செலவழிந்து போகவில்லை என்றுதான் இருக்கிறது. ஆகவே மறுநாள் பானையைத் திறந்தபோதும் அடியில் கொஞ்சம்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். தினமும் அவள் அடியைப் பார்த்தபடியேதான் வாழ்ந்திருப்பாள்.

எங்க அம்மை அந்தக் கலயத்தை ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

ஜூன் 5, இரவு 9.40

ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அப்போ காணிக்கை கொடுத்தால் பீஸ் வந்துவிடுமா? 'இவைகளெல்லாம் கூடக் கொடுக்கப்படும்' என்பதற்கு என்ன அர்த்தம்?"

வராது தம்பி. அப்படி நான் சொன்னதாக யாருக்காவது பட்டிருந்தால் அது என் எழுத்தின் குறை. கடவுளோடு சீட்டு போட முடியாது.

என் வீட்டுக்காரர் ஆர்.சி. குடும்பம். அவர்கள் வீட்டில் தேவசகாயம் பிள்ளை கதை சொல்லாத பெரியவர் இல்லை. குளச்சல் போரில் 1741-ல் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பிறகு திருவிதாங்கூர் மார்த்தாண்ட வர்மா மகாராஜாவின் படையிலேயே பெரிய ஆளானார். அவரோடு பழகியவர் நீலகண்ட பிள்ளை. வீட்டில் கஷ்டமும் நஷ்டமும் மேல்மேலாக வந்து மனம் உடைந்திருந்த நேரத்தில், டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். கவலையில் இருந்த மனுஷனிடம், 'விசுவாசித்தால் எல்லாம் திரும்பக் கிடைக்கும்' என்று ஆரம்பிக்கவில்லை. எல்லாவற்றையும் இழந்த ஒருவனின் கதையைச் சொன்னார். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். லாசரஸ் என்ற பேரைத் தமிழில் தேவசகாயம் என்று வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவருக்குக் கூடக் கிடைத்தது என்ன? 1749-ல் சிறை, அடி, எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக ஊர்வலம். 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-ல் ரோமில் புனிதராக அறிவித்தபோது மாமி டிவிக்கு முன்னால் அழுதுகொண்டே இருந்தாள். நானும்தான். நான் சி.எஸ்.ஐ. என்பது அப்போது ஞாபகத்திலேயே இல்லை.

முதலாவது வைத்தால் மற்றதெல்லாம் வந்து குவியும் என்று யாராவது சொன்னால், காற்றாடிமலையில் போய் நின்று அதைச் சொல்லட்டும்.

ஜூன் 7, காலை 7.10

4-ம் தேதி நான் எழுதினதைத் திருத்தணும்.

வேதப்பள்ளியில் படித்த ஒரு உபதேசியார், விசாரம், வெப்ராளம் என்று நான் பிரித்தது அழகாக இருக்கிறதே தவிர மூலத்தில் அப்படிப் பிரிவு இல்லை என்று எழுதியிருக்கிறார். மத்தேயு 6-ல் 'கவலைப்படாதிருங்கள்' என்கிற கிரேக்க வினை மெரிம்னாவோ. பிலிப்பியர் 4:6-ல் பவுல் 'ஒன்றுக்குங் கவலைப்படாமல்' என்கிற இடத்திலும் அதே வினை. சரி என்றேன். இன்னும் கேளுங்கள் என்றார். அதே பிலிப்பியரில் 2:20-ல் தீமோத்தேயு உங்கள் காரியங்களை 'உண்மையாய் விசாரிக்கிற' மனதுள்ளவன் என்று பவுல் மெச்சுகிறாரே, அங்கேயும் அதே வினைதானாம். 2 கொரிந்தியர் 11:28-ல் எல்லாச் சபைகளைப் பற்றிய கவலையும் தன்னை நாள்தோறும் நெருக்குகிறது என்று பவுலே ஒத்துக்கொள்கிறார், அதுவும் அதே வேரிலிருந்து வந்த சொல்.

நான் எடுத்து வாசித்தேன். மூன்று இடமும் அப்படியே.

அப்போ வார்த்தையை வைத்துக்கொண்டு இது நல்ல கவலை, அது கெட்ட கவலை என்று கோடு போட முடியாது. அன்றைக்கு நான் கொஞ்சம் சுலபமாகத் தப்பித்துக்கொண்டேன். ஆனால் உன் பெரியவர் சொன்னதும் நிற்காது, மக்களே. கவலையே பாவம் என்றால் பவுலும் தீமோத்தேயுவும் பாவிகளின் வரிசையில்தான் நிற்கணும். 1 தீமோத்தேயு 5:8 தன் வீட்டாரை விசாரியாதவனை அவிசுவாசியிலும் கெட்டவன் என்கிறது. உன் மகளை நீ விசாரிக்காமல் வேறு யார் விசாரிப்பது?

அப்படியானால் மத்தேயு 6 எதைச் சொல்கிறது? எனக்கு இப்போது படுவது: அது 24-ம் வசனத்தில் தொடங்குகிறது, இரண்டு எஜமானுக்கு ஊழியம் செய்ய முடியாது என்று. 25-ம் வசனம் 'ஆகையால்' என்றுதான் ஆரம்பிக்கிறது. கவலை வீட்டுக்கு வருவதைப் பற்றின பேச்சு இல்லை இது. வந்த கவலை யார் நாற்காலியில் உட்காருகிறது என்பதைப் பற்றியது.

ஜூன் 9, ஞாயிறு, மாலை 5.30

இன்றைக்கு அண்ணன் வீட்டில் சாப்பாடு. நான் எழுதினதை மயினி வாசித்துக் காட்டியிருக்கிறாள். அண்ணன் கை கழுவிவிட்டு வந்து, "ஒரு நாளும் தவறவிட்டதில்லையா? நீ அப்போ குட்டிப்பிள்ளை, உனக்கு என்ன தெரியும்?" என்றான்.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, ஒரு ஆடிமாசம். அப்பாவுக்கு ரப்பர் மரத்தில் பால் வெட்டுக் கூலி. மழை விடாமல் பெய்தது, மூன்று வாரம் வெட்டே இல்லை. அன்றைக்கு அரிசிப் பானையில் ஒன்றுமில்லை. அம்மை கலயத்தை இறக்கி, அதிலிருந்து அரிசியை எடுத்துக் கஞ்சி வைத்தாள். அண்ணன் பார்த்துவிட்டான். அவனுக்குப் பயம் பிடித்துவிட்டது, கோவில் அரிசியைத் தின்றால் நாக்கு அழுகிவிடும் என்று நினைத்திருக்கிறான். அம்மை அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, புளியங்கொட்டை டப்பாவை எடுத்தாள். ஒவ்வொரு பிடி அரிசி எடுக்கும்போதும் ஒரு புளியங்கொட்டையைக் கலயத்துக்குள் போட்டாள். "நீயும் எண்ணு" என்றாளாம். அன்றைக்கு ஏழு. மறுநாள் ஆறு. அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வெறும் துணியோடு கோவிலுக்குப் போனாள். அண்ணன் கூடவே போயிருக்கிறான். காணிக்கை எடுக்கும்போது அம்மை முடிச்சில்லாத துணியை மடியில் வைத்துக்கொண்டு தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாளாம். மழை விட்டு அப்பாவுக்குக் கூலி வந்தபிறகு, முடிந்த நாளில் சாதாரணப் பிடியோடு இன்னொரு பிடியும் போட்டு, ஒவ்வொரு கொட்டையாக வெளியே எடுத்தாள். கடைசிக் கொட்டை எடுத்தது கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம்.

நான் இத்தனை வருஷமாக, அம்மை ஒரு நாளும் தவறவில்லை என்று பெண்கள் ஐக்கிய சங்கத்தில்கூடச் சாட்சி சொல்லியிருக்கிறேன்.

இதைக் கேட்டு எனக்கு அம்மைமேல் ஒரு பொடி மரியாதைகூடக் குறையவில்லை. கூடினதுதான். எங்களுக்கும் ரப்பர்தான் பிழைப்பு. 2016 தொடக்கத்தில் ரப்பர் விலை கிலோ 100 ரூபாய்க்கும் கீழே போனது. 2011-ல் 240 வரை பார்த்த விலை. அந்த வருஷம் காணிக்கைக்குக் கையில் ஒன்றுமில்லை என்று வெட்கப்பட்டு சங்கத்துக்குப் போவதையே நிறுத்தினேன். ஐந்து மாசம். கடவுளுக்கு முதலிடம் கொடுக்க முடியாதவள் அங்கே எதற்கு என்று நினைத்தேன். அம்மை அப்போது உயிரோடுதான் இருந்தாள். ஏன் வரவில்லை என்று இரண்டு தடவை கேட்டாள். நான் தையல் வேலை இருக்கிறது என்றேன். அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் புளியங்கொட்டைக் கதையை அவள் வாயாலேயே கேட்டிருப்பேன்.

வெறுந்துணியோடு போய் உட்காருவதும் முதலாவது வைப்பதுதான். எனக்கு அது ஐம்பது வயதில் புரிகிறது.

ஜூன் 9, இரவு 8.15

இன்னொன்று, அண்ணன் வீட்டில் சிரித்தது. எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு மட்டி வாழைக்குலைக்கு மாமனும் மருமகனும் மாறி மாறி ஏற்றிக்கொண்டே போனார்கள். ஒருத்தர் முன்பெஞ்சு, ஒருத்தர் வாசல். இரண்டு பேரும் ஒரே வீடு என்பது ஏலம் போட்டவருக்குத் தெரியும், அவர் ஆண்டவருடைய பக்கம் நின்றுவிட்டார்.

ஜூன் 11, காலை 3.20

மழை இல்லை. என் வீட்டுக்காரர் இப்போதுதான் ரப்பர் வெட்ட இறங்கிப் போனார்.

சங்கீதம் 127-ல் அதிகாலையில் எழுந்து வருத்தத்தின் அப்பத்தைச் சாப்பிடுவது விருதா என்று வருகிறது. கல்யாணமான புதிதில் இதை அவரிடம் வாசித்துக் காட்டினேன். "அப்போ பாலை ஆரு வெட்டுவா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வெயில் ஏறினால் பால் ஓட்டம் நின்றுவிடும். மரத்துக்குள் இருக்கிற நீர் அழுத்தம் விடியற்காலையில்தான் அதிகம், அதனால்தான் இந்த வேலைக்கு இந்த நேரம். எங்களுக்கு 90 சென்ட், 160 மரம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டு. மற்ற நாளில் வேறொருவர் தோட்டம்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றியில் விளக்கு. முதல் மரத்தடியில் நின்றார், சிலுவை போட்டுக்கொண்டார். மழைக்குக் கட்டின பிளாஸ்டிக்கைத் தூக்கிவிட்டு, பட்டையில் ஒட்டியிருந்த பழைய பால்நூலை உரித்துக் கூடைக்குள் போட்டார். கத்தியை வைத்து ஒரே இழுப்பு. காகிதம் போல மெல்லிசாகப் பட்டை சுருண்டு விழும். ஆழம் கொஞ்சம் கூடினால் மரத்துக்குக் காயம், பிறகு அந்த இடம் முண்டு முண்டாக வரும். பால் வெள்ளையாகக் கசிந்து, ஓடை வழி இறங்கி, சிரட்டையில் முதல் சொட்டு. அவர் அதைப் பார்த்து நிற்கவில்லை. அடுத்த மரத்துக்குப் போய்விட்டார். ஒரு மரத்தில் எவ்வளவு பால் வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றால் 160 மரம் விடியாது. வெட்டுவது இவர் வேலை. ஊறுவது மரத்துக்குள் நடக்கிறது.

அந்தச் சங்கீதம் எழுந்திருக்காதே என்று சொல்லவில்லை என்று இப்போது தோன்றுகிறது. அதே வசனம், தமக்குப் பிரியமானவனுக்கு அவர் நித்திரை அளிக்கிறார் என்று முடிகிறது. என் வீட்டுக்காரர் ராத்திரி எட்டரைக்குப் படுத்தால் இரண்டே முக்காலுக்குத்தான் கண் திறப்பார். மழை பெய்தாலும். நான்தான் ஓட்டில் மழைச்சத்தம் கேட்டு உட்கார்ந்திருப்பேன்.

ஜூன் 12, இரவு 10.00

உட்கார்ந்திருப்பேன் என்று எழுதினதற்கு இரண்டு பேர் தனியாகக் கேட்டிருக்கிறார்கள், எழுதுகிற உனக்கும் கவலை உண்டா என்று.

உண்டு. 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு. களியக்காவிளையில் எல்லை அடைத்தாயிற்று. அப்பாவுக்கு இதயத்துக்கான மருந்து திருவனந்தபுரத்தில்தான் வாங்குவது வழக்கம். நம்ம பக்கத்தில் கேட்ட கடைகளில் ஒரு மாத்திரை மட்டும் கிடைக்கவில்லை. அட்டையில் பதினொன்று இருந்தது. நான் அதை ராத்திரியில் எடுத்து எண்ணுவேன். காலையில் ஜெபம் பண்ணிவிட்டு எண்ணுவேன். பிறகு ஜெபத்துக்கு முன்னாலேயே எண்ண ஆரம்பித்தேன். பத்து. ஒன்பது. அட்டையின் பின்பக்கம் கிழிந்த ஓட்டைகளைத் தடவித் தடவி எண்ணுவேன், இருட்டிலும் தெரியும் எனக்கு. வாசகி கேட்டாளே, எங்கே தப்புகிறேன் என்று. எனக்கு அது நடந்த இடம் இதுதான். அட்டை ஜெபத்துக்கு முன்னால் வந்துவிட்டது.

ஆறு மிச்சமிருந்தபோது அப்பா பார்த்துவிட்டார். "எண்ணினா கூடுமா மக்களே? இங்கோட்டு தா" என்று வாங்கி அவருடைய தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். கவலைப்பட்டு எவன் ஒரு முழத்தைக் கூட்டுவான் என்று இயேசு கேட்டதும் இந்தக் கூட்டல்தான். அன்று ராத்திரி எனக்குக் கையே என்னவோ போல இருந்தது, எண்ண ஒன்றுமில்லாமல்.

மூன்று மிச்சமிருந்தபோது, பாறசாலையில் மயினியுடைய தம்பி மருந்து வாங்கி, தடுப்பின் அந்தப் பக்கம் நின்று போலீஸ்காரரிடம் கொடுத்து, அவர் இந்தப் பக்கம் நீட்டினார். அந்தப் போலீஸ்காரர் பேர்கூடக் கேட்கவில்லை. அவருக்காக இன்றும் ஜெபிக்கிறேன்.

அற்புதம் என்று இதைச் சொல்லிக்கொண்டு நான் திரிவதில்லை. அந்த மாசம் மருந்து கிடைக்காதவர்களும் இருந்தார்கள், அவர்களும் ஜெபித்தவர்கள்தான்.

ஜூன் 13, காலை 9.00

மருந்து என்றதும் ஒருவர், விசுவாசம் முதலில் என்றால் மாத்திரை எதற்கு என்று கேட்டிருக்கிறார். தயவுசெய்து யாரும் இதைக் கேட்டு மாத்திரையை நிறுத்தாதீர்கள். 1838-ல் மிஷனெரி டாக்டர் ராம்சே நம்ம நெய்யூருக்கு வந்தது சுவிசேஷத்தோடு மருந்துப் பெட்டியையும் கொண்டுதான். 1922-ல் எவரெஸ்ட் ஏறப்போன டாக்டர் சாமர்வெல், அதற்குப் பிறகு அதே நெய்யூரில் வந்து தங்கி ஆயிரக்கணக்கானோர் வயிற்றை அறுத்துப் பிழைக்க வைத்தார். நம்ம பாட்டாக்களுக்கு ஜெபமும் கத்தியும் ஒரே கோவில் வளாகத்தில்தான் கிடைத்தது.

கவலை என்றால் நெஞ்சு அடைப்பு, கை நடுக்கம், பத்துநாள் தூக்கமில்லை என்று எழுதின அந்தச் சகோதரிக்கு: அது ஆவிக்குரிய தோல்வி இல்லம்மா, டாக்டரைப் பார். 1 இராஜாக்கள் 19-ல் எலியா, போதும், என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று படுத்துவிட்டான். தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி, சாப்பிடு என்றான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். சாப்பிட்டுத் திரும்பப் படுத்தான், திரும்பவும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான்.

இப்போது எழுதும்போதுதான் பார்க்கிறேன். 17-ல் அந்த விதவை முதலில் அவனுக்குச் சுட்டுக் கொடுத்ததும் அடை. இரண்டு அதிகாரம் தள்ளி அவன் விழுந்து கிடக்கும்போது அவனுக்கு வந்ததும் அடை. நாற்பது வருஷமாக வாசிக்கிறேன், கண்ணில் படவில்லை.

ஜூன் 15, மாலை 4.45

பனச்சமூட்டு மகளுக்கு. 20-ம் தேதி நெருங்குகிறது. ஜெபம் பண்ணிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்காதே.

2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கத்துக் கடற்கரை எப்படி இருந்தது என்று நம்ம எல்லாருக்கும் தெரியும். அந்த ஊர்களில் ஜெபமாலை கையில் இல்லாத அம்மை இல்லை. அதே அம்மைமார்தான் டிசம்பர் 7-ல் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்து, கடலில் காணாமல்போன எங்க ஆட்களைத் தேடு என்று கேட்டார்கள். விசுவாசம் குறைந்ததால் உட்கார்ந்ததாக யாரும் என்னிடம் சொல்லவேண்டாம். லூக்கா 18-ல் சோர்ந்துபோகாமல் ஜெபம்பண்ணுங்கள் என்பதற்கு இயேசு காட்டின ஆள் யார்? நியாயாதிபதியை விடாமல் போய்ப் போய்த் தொந்தரவு பண்ணின ஒரு விதவை.

நீயும் போ. மகளையும் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு கல்லூரி முதல்வரை நேரில் பார். எழுத்தில் கொடு, இரண்டு தவணையாகக் கட்ட அனுமதி கேள். கொடுத்த கடிதத்துக்கு நகல் வைத்துக்கொள். வட்டிக்கு விடுகிறவன் வாசலுக்கு மட்டும் போகாதே. அடுத்த வருஷங்களுக்கு வங்கியில் கல்விக்கடன் கேள். 4 லட்சம் வரைக்கும் சொத்து ஈடு கேட்கமாட்டார்கள், அப்பாவோ அம்மாவோ சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும். வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். மகளுக்கு அதெல்லாம் தெரியும், நீ பக்கத்தில் உட்காரு.

போகிற வழியில் நெஞ்சு படபடக்கும். படபடக்கட்டும். படபடப்போடேயே போ.

ஜூன் 21, வெள்ளி, இரவு 9.10

அவள் போன் பண்ணினாள். 19-ம் தேதி போயிருக்கிறார்கள். 20,000 கட்டினார்கள், அதில் பாதி அவளுடைய கம்மலை வைத்தது. மீதிக்கு ஜூலை கடைசி வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். 28,000 எங்கிருந்து வரும் என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. வெயில் அடித்தால் வீட்டுக்காரருக்கு வேலை உண்டு. இன்றைக்கு இங்கே நல்ல மழை.

கவலை போச்சா என்று கேட்டேன். "இல்லக்கா. ஆனா ராத்திரி தூங்கினேன்" என்றாள்.

பிறகு தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். வீட்டில் அவள் ஒரு டப்பா எடுத்து வைத்திருக்கிறாளாம், அம்மையின் கலயம் மாதிரி. வீட்டில் ரேஷன் அரிசிதான் இருக்கிறது. ஆண்டவருக்கு அதைப் போடலாமா, இல்லை கடையில் நல்ல அரிசி ஒரு கிலோ வாங்கித்தான் போடணுமா என்று.

நீ எதைத் தின்கிறாயோ அதிலிருந்து ஒரு பிடி, மக்களே. எங்க அம்மையும் ரேஷன் அரிசிதான் போட்டாள். கல் மட்டும் பொறுக்கிவிட்டுப் போடுவாள்.